ஒரு நொடி யோசித்த இயந்திரம்: பழைய பதிவுக்கு ஒரு திருத்தம்

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. ரேட்டிங் டோர்னமென்ட்டுகளுக்குப் போய் வருகிறவள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், லேப்டாப்பில் ஸ்டாக்ஃபிஷ் நிரலை நகர்த்தலுக்கு ஒரே ஒரு நொடி என்று கட்டிப்போட்டு அவளோடு ஆடவிட்டேன். அவளுக்கு நேரக் கட்டுப்பாடே கிடையாது. பக்கத்தில் மரப்பலகை வைத்துக்கொண்டு நிதானமாகத்தான் ஆடினாள். முப்பதாவது நகர்த்தலுக்கு முன்பே கதை முடிந்துவிட்டது. காய்களைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டே கேட்டாள்: "அது ஒரு செகண்ட்தான்ப்பா யோசிச்சுது. நான் முக்கால் மணி நேரம் யோசிச்சேன். அப்போ நான் யோசிக்கிறதே வேஸ்ட்தானே?"

"கம்ப்யூட்டர் வேற, நாம வேறம்மா" என்று சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு அது பதிலாகவே படவில்லை. எனக்கும்தான். ஏன் என்றால், இரண்டு வருடங்களுக்கு முன்பு இதே பக்கத்தில் நான் அவள் சொன்னதையேதான் வேறு வார்த்தைகளில் எழுதியிருந்தேன். "இயந்திரத்தின் நேரத்தை நொடியாகக் குறைத்துவிட்டு மனிதரோடு மோதவிட்டால், சுத்தமான சிந்தனைத் திறனை அளந்துவிடலாம்" என்று ஒரு வாக்கியம். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. இப்போது உட்கார்ந்து பழைய ஆட்டங்களையும் சில ஆய்வுக் கட்டுரைகளையும் மறுபடி படித்துப் பார்த்தால், அது தப்பு. எங்கே தப்பு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல் குழப்பம் வார்த்தையிலேயே இருக்கிறது. "குறைந்த நேரம்" என்று நாம் சொல்வதற்குள் மூன்று வேறு பரிசோதனைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, இருவர் கடிகாரத்தையும் சேர்த்துக் குறைப்பது, அதாவது பிளிட்ஸ். இரண்டு, இயந்திரத்தின் நேரத்தை மட்டும் குறைப்பது. என் வீட்டில் நடந்தது இது. மூன்று, இயந்திரம் முன்னோக்கித் தேடுவதையே நிறுத்திவிட்டு, பலகையைப் பார்த்த மாத்திரத்தில் பதில் சொல்ல வைப்பது. மூன்றையும் ஒரே பையில் போட்டால் வரும் முடிவு எதற்கும் உதவாது.

முதலாவதிலிருந்து ஆரம்பிக்கலாம். இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சுத்தமான உதாரணம் நம்ம ஆனந்த் ஆடியது. 1998 ஜூலையில், இத்தாலியின் இஸ்கியா தீவில், விஸ்வநாதன் ஆனந்த் ரெபெல் 10 என்ற நிரலோடு எட்டு ஆட்டங்கள் ஆடினார். நெதர்லாந்தின் எட் ஷ்ரூடர் எழுதிய நிரல் அது. சூப்பர் கம்ப்யூட்டர் எல்லாம் இல்லை. கடையில் விற்கிற மென்பொருள். ஆட்டங்களை மூன்று வேகங்களில் பிரித்திருந்தார்கள். ஐந்து நிமிட பிளிட்ஸ் நான்கு: ரெபெல் 3, ஆனந்த் 1. பதினைந்து நிமிட ஆட்டங்கள் இரண்டு: ரெபெல் 1.5, ஆனந்த் 0.5. நாற்பது நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம் என்ற முழு நீள ஆட்டங்கள் இரண்டு: ஆனந்த் 1.5, ரெபெல் 0.5. மொத்தம் 5-3 என்று ரெபெல் ஜெயித்தது.

மொத்த ஸ்கோரை மட்டும் பார்ப்பவர் "இயந்திரம் ஜெயித்தது" என்று போய்விடுவார். பிரித்துப் பாருங்கள். நேரம் கூடக்கூட மனிதர் பக்கம் தராசு சாய்கிறது. அதிலும் ஆனந்த் வேகத்துக்குப் பேர்போனவர். சக மனிதர்கள் அரை மணி நேரம் எடுக்கும் இடத்தில் ஐந்து நிமிடத்தில் ஆடி முடித்தவர். அவருக்கே இந்த நிலைமை.

எட்டு ஆட்டத்தை வைத்துச் சட்டம் எழுத முடியாது. சோதனைத் தரவு இவ்வளவு குறைவாக இருந்தால் ஆபீஸில் என் டீமே என்னை விடாது. ஆனால் இதே வரிசை முன்னும் பின்னும் வந்திருக்கிறது. 1977-ல் செஸ் 4.6 என்ற நிரல் கிராண்ட்மாஸ்டர் மைக்கேல் ஸ்டீனை ஒரு பிளிட்ஸ் ஆட்டத்தில் தோற்கடித்தது. அடுத்த வருடம் டொரண்டோவில், அதன் அடுத்த பதிப்பான செஸ் 4.7, முழு நேர ஆட்டங்களில் டேவிட் லெவியிடம் 3.5-1.5 என்று தோற்றது. லெவி கிராண்ட்மாஸ்டர்கூட இல்லை, இன்டர்நேஷனல் மாஸ்டர். பத்து வருடத்துக்குள் எந்த நிரலும் தன்னை ஜெயிக்க முடியாது என்று 1968-ல் பந்தயம் கட்டியவர், அதில் ஜெயித்தும் விட்டார். முழு நேர டோர்னமென்ட் ஆட்டத்தில் டீப் தாட் கிராண்ட்மாஸ்டர் பென்ட் லார்சனை வீழ்த்தியது 1988-ல்தான். பிளிட்ஸுக்கும் முழு ஆட்டத்துக்கும் நடுவே பதினோரு வருடம்.

காஸ்பரோவ் விஷயத்திலும் அதே படிக்கட்டுதான். 1994 மே மாதம் மியூனிக்கில் ஐந்து நிமிட பிளிட்ஸ் போட்டியில் ஃப்ரிட்ஸ் 3 அவரோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. அந்த ஆகஸ்டில் லண்டனில் 25 நிமிட ஆட்டங்களில் செஸ் ஜீனியஸ் அவரை முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பியது. அரையிறுதியில் அதே ஜீனியஸை 2-0 என்று நிறுத்தியவர் ஆனந்த். முழு நேர ஆட்டத்தில் டீப் ப்ளூ காஸ்பரோவிடம் முதல் வெற்றியைப் பெற்றது 1996 பிப்ரவரியில். அப்போதும் மேட்ச் 4-2 என்று காஸ்பரோவுக்குத்தான். மேட்சே கை மாறியது 1997 மே மாதம், 3.5-2.5.

ஆக, இருவருக்கும் நேரத்தைக் குறைத்தால் இயந்திரத்தின் கையைக் கட்டியதாக ஆகாது. மனிதரின் கையைத்தான் இன்னும் இறுக்கிக் கட்டுகிறோம்.

ஏன் அப்படி? ஒரு சின்னக் கணக்கு போடலாம். சதுரங்கத்தில் ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்த்தல்கள் சாத்தியம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். ஆல்ஃபா-பீட்டா என்ற வெட்டும் உத்தி நன்றாக வேலை செய்தால், ஒவ்வொரு மட்டம் ஆழமாகப் போகவும் 35 மடங்கு வேலை தேவையில்லை. அதன் வர்க்கமூலம், சுமார் 6 மடங்கு போதும். நாற்பது நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம் என்றால் நகர்த்தலுக்கு 3 நிமிடம், அதாவது 180 நொடி. ஐந்து நிமிட ஆட்டத்தில் அறுபது நகர்த்தல் என்றால் நகர்த்தலுக்கு 5 நொடி. நேரம் 36-ல் ஒரு பங்காகிவிட்டது. 36 என்பது ஆறும் ஆறும் பெருக்கியது. அதாவது இயந்திரம் இழப்பது இரண்டே மட்டம். வெள்ளை ஒரு நகர்த்தல், கறுப்பு ஒரு நகர்த்தல், அவ்வளவுதான்.

இரண்டு மட்டம் சும்மா இல்லை. இயந்திரமும் இயந்திரமும் மோதினால் அந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். ஆனால் அது இழக்கும் இரண்டு மட்டமும் தேடலின் கடைசி நுனியில் இருக்கின்றன. மனிதர் இழப்பது அடிவாரத்தில். ஐந்து நொடியில் இயந்திரம் "அட, குதிரையை மறந்துட்டேனே" என்று சொல்லாது. கிராண்ட்மாஸ்டர் சொல்வார். மூன்று நிமிடம் இருந்தால், தோன்றிய நகர்த்தலை எதிராளியின் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டு ஆடுவார். அந்தச் சரிபார்ப்புதான் பிளிட்ஸில் முதலில் பறிபோகிறது.

நேரம் இருந்தால் மனிதர் தப்பே செய்ய மாட்டார் என்று இதற்கு அர்த்தம் இல்லை. 2006-ல் பான் நகரில், முழு நேர ஆட்டத்தில், உலக சாம்பியன் கிராம்னிக் டீப் ஃப்ரிட்ஸுக்கு எதிராக ஒரே நகர்த்தலில் வரும் செக்மேட்டைப் பார்க்காமல் விட்டார். மேட்ச் 4-2 என்று போனது. நேரம் ஒரு காப்பீடு மாதிரி. விபத்தே நடக்காது என்று அது எழுதிக்கொடுக்காது.

இப்போது இரண்டாவது பரிசோதனைக்கு வருவோம், என் மகள் ஆடியது. இயந்திரத்துக்கு மட்டும் ஒரு நொடி. இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன். ஒரு நொடி என்பதை ஒரு அளவுகோல் மாதிரி எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்த நொடிக்குள் என்ன நடக்கிறது என்பது காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

1997-ன் டீப் ப்ளூ நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது. 2009-ல் புவனோஸ் ஐரிஸில் கோபா மெர்கோசூர் போட்டியில் பாக்கெட் ஃப்ரிட்ஸ் 4 என்ற நிரல் ஒரு ஹெச்டிசி கைபேசியில் ஓடியது. அது பார்த்தது நொடிக்கு 20,000 நிலைகளுக்கும் குறைவு. டீப் ப்ளூவின் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பத்து ஆட்டத்தில் 9.5 புள்ளி எடுத்தது. அந்தப் போட்டியில் அதன் செயல்திறன் ரேட்டிங் 2898. டீப் ப்ளூ ஒரு நொடியில் பார்த்ததைப் பார்க்க அந்தக் கைபேசிக்கு இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்படியும் ஜெயித்தது என்றால், வேகத்தைத் தவிர வேறு ஏதோ அதற்குள் போயிருக்கிறது. எந்தக் கிளையைப் பார்க்கவே வேண்டாம் என்ற முடிவு, நிலையை எடைபோடும் விதி, இரண்டும் நடுவில் இருந்த பன்னிரண்டு வருடங்களில் மெருகேறியிருந்தன. அதற்கான உழைப்பு போட்டி மேஜையில் நடக்கவில்லை. நிரல் எழுதியவர்களின் வீட்டில், இரவுகளில் நடந்து முடிந்திருந்தது.

ஸ்டாக்ஃபிஷில் 2020-ல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து நிலையை எடைபோட ஒரு சிறிய நரம்பியல் வலை இருக்கிறது. கோடிக்கணக்கான நிலைகளை முன்பே ஆராய்ந்து, அந்த முடிவுகளைப் பிழிந்து உள்ளே வைத்திருக்கிறார்கள். என் லேப்டாப் அந்த ஒரு நொடியில் செய்தது, முன்பே சமைத்து வைத்ததைச் சூடு பண்ணிப் பரிமாறியது மாதிரி. சூடு பண்ண ஒரு நொடி ஆனது உண்மைதான். சமையல் நேரத்தை யார் கணக்கில் எழுதுவது?

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவது பரிசோதனையைப் பார்க்கலாம். 2024 பிப்ரவரியில் கூகுள் டீப்மைண்ட் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தேடலே இல்லாமல் கிராண்ட்மாஸ்டர் தரத்தில் சதுரங்கம் என்பதுதான் தலைப்பின் சாரம். 27 கோடி அளவுருக்கள் கொண்ட டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி. பலகையைக் காட்டினால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் வெற்றி வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லும். அதிகம் எதற்கோ அதை ஆட வேண்டியது. முன்னோக்கி ஒரு மட்டம்கூடத் தேடாது. லிசெஸ் தளத்தில் மனிதர்களோடு பிளிட்ஸ் ஆடி 2895 ரேட்டிங் எடுத்தது.

நல்ல ஆய்வு. முதல் தடவை படித்தபோது நானும் வாயைப் பிளந்தேன். ஆனால் தலைப்போடு எனக்கு மூன்று சண்டைகள் இருக்கின்றன.

முதலாவது, சமையல் கணக்கு. இந்த வலையைப் பயிற்றுவிக்க ஒரு கோடி ஆட்டங்களை எடுத்து, அவற்றின் நிலைகளில் இருந்த நகர்த்தல்களை எல்லாம் ஸ்டாக்ஃபிஷ் 16-ஐக் கொண்டு மதிப்பிட்டார்கள். மொத்தம் சுமார் 1,500 கோடி மதிப்பீடுகள். ஒவ்வொன்றுக்கும் 50 மில்லிநொடி. பெருக்கிப் பாருங்கள்: 75 கோடி நொடி. ஒரே கணினி வரிசையில் நின்று செய்தால் ஏறக்குறைய 24 ஆண்டுகள். அதாவது "தேடல் இல்லை" என்று தலைப்பில் சொல்லும் இந்த மாதிரிக்குள் 24 ஆண்டுத் தேடல் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. தேடல் காணாமல் போகவில்லை, முன்கூட்டியே முடிந்துவிட்டது. கட்டுரையை எழுதியவர்கள் இதை மறைக்கவில்லை, உள்ளே தெளிவாகவே இருக்கிறது. தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பகிர்கிறவர்களுக்குத்தான் தெரியாது.

இரண்டாவது, 2895 என்ற எண் பிளிட்ஸில் வந்தது. ஆனந்தே இஸ்கியாவில் 3-1 என்று இழந்த வேகம் அது. மனிதர் மிகவும் பலவீனமாக இருக்கும் மைதானத்தில் எடுத்த மார்க்கை வைத்துக்கொண்டு பொதுவாகக் "கிராண்ட்மாஸ்டர் தரம்" என்று சொல்லலாமா? லிசெஸ் ரேட்டிங்கும் ஃபீடே ரேட்டிங்கும் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல என்பது வேறு. அதே தளத்தில் மற்ற நிரல்களோடு ஆடியபோது இதே மாதிரிக்குக் கிடைத்தது 2299 மட்டும். கிட்டத்தட்ட அறுநூறு புள்ளி இறக்கம். மனிதர்கள் தோற்கும் நிலை வந்தால் ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிடுவார்கள், நிரல்கள் கடைசிவரை ஆடும் என்பது கட்டுரை தரும் காரணங்களில் ஒன்று.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கடைசிவரை ஆடினால் அதற்கு ஏன் கஷ்டம்? ஜெயிக்கும் நிலைக்கு வந்துவிட்டால், அதன் கண்ணுக்குப் பல நகர்த்தல்களும் 99 சதவீதம் என்றுதான் தெரிகின்றன. எல்லாமே ஜெயம் என்றால் எதை ஆடினால் என்ன? இங்கே ஒரு நகர்த்தல், அங்கே ஒரு நகர்த்தல் என்று அலைந்துகொண்டிருக்கும், முடிக்காது. தற்போதைய பலகையை மட்டுமே பார்ப்பதால், இதே நிலை முன்பே வந்துவிட்டது, மூன்றாம் முறை வந்தால் டிரா என்பதும் அதற்குத் தெரியாது. இதைச் சமாளிக்க ஆய்வாளர்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள். முதல் ஐந்து நகர்த்தல்களும் 99 சதவீதத்தைத் தாண்டினால் ஸ்டாக்ஃபிஷிடம் கேட்டு, அது சொல்வதை ஆடு. தேடாத இயந்திரம் ஜெயித்த ஆட்டத்தை முடித்துவைக்கத் தேடும் இயந்திரத்தைக் கூப்பிட வேண்டியிருந்தது!

இதைப் படித்தபோதுதான் தேடல் என்பது எதற்காக என்று எனக்கு உறைத்தது. நல்ல நகர்த்தலைக் கண்டுபிடிக்க அது அவ்வளவாகத் தேவைப்படவில்லை. பயிற்சி பெற்ற கண்ணுக்கே அது தெரிந்துவிடுகிறது. தெரிந்தது சரிதானா என்று சந்தேகப்படவும், தொடங்கியதை முடிக்கவும்தான் தேடல் வேண்டியிருக்கிறது.

மனிதர்களிடமும் இதேதான். டச்சு உளவியலாளர் அட்ரியான் டி க்ரூட் 1940-களில் கிராண்ட்மாஸ்டர்களையும் அவர்களுக்கு ஒரு படி கீழே இருந்தவர்களையும் சத்தமாக யோசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். கிராண்ட்மாஸ்டர்கள் அப்படி ஒன்றும் அதிக ஆழம் தேடவில்லை. சரியான நகர்த்தல் அவர்கள் கண்ணில் முன்னதாகவே பட்டது. 1973-ல் சேஸும் சைமனும் இதை இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டுபோனார்கள். உண்மையான ஆட்டத்தில் வந்த நிலையை ஐந்து நொடி காட்டி மறைத்தால், மாஸ்டர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கிவிடுகிறார். காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்துக் காட்டினால் அந்த மேன்மை கிட்டத்தட்ட மறைந்துபோகிறது. அந்த ஐந்து நொடிக்குப் பின்னால் வருடக்கணக்கான பயிற்சி உட்கார்ந்திருக்கிறது. ஆனந்தின் ஐந்து நொடியும் ஐந்து நொடி இல்லை, என் லேப்டாப்பின் ஒரு நொடியும் ஒரு நொடி இல்லை.

இதோடு சேர்த்து இன்னொரு தப்பையும் ஒத்துக்கொள்கிறேன். நேரத்தையோ ஆழத்தையோ குறைத்தால் இயந்திரம் கொஞ்சம் மனிதர் மாதிரி ஆடும் என்று நினைத்திருந்தேன். 2020-ல் டொரண்டோ பல்கலைக்கழகம், கார்னெல், மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் மாயா என்ற நிரலை வெளியிட்டபோது இதைச் சோதித்திருக்கிறார்கள். ஸ்டாக்ஃபிஷின் ஆழத்தைக் குறைத்தாலும் அது கீழ்நிலை ஆட்டக்காரர்களைப் போல ஆடத் தொடங்கவில்லை. அப்போதும் வலுவானவர்களின் நகர்த்தல்களோடுதான் கூடுதலாக ஒத்துப்போனது. மனிதர் தப்பு செய்வது நேரம் போதாமல் மட்டும் இல்லை. அவர் பார்க்கும் விதமே வேறு. அதனால் மாயாவை மனிதர்களின் ஆட்டங்களிலிருந்தே, ரேட்டிங் வாரியாகப் பயிற்றுவித்தார்கள். கைபேசி செயலிகளில் "ஈஸி லெவல்" ஆடியவர்களுக்கு இது புரியும். பத்து நகர்த்தல் கிராண்ட்மாஸ்டர் மாதிரி ஆடிவிட்டு, பதினோராவதில் ராணியைத் தூக்கிக் கையில் கொடுக்கும். அப்படி எந்த மனிதரும் தோற்பதில்லை.

சரி, திருத்தம் இதுதான். நேரத்தைக் குறைத்த இயந்திரம் வலுவான மனிதர்களிடம் எப்படி ஆடுகிறது என்று யாராவது சொன்னால், இரண்டு கேள்விகள் கேளுங்கள். யாருடைய கடிகாரத்தைக் குறைத்தார்கள்? கடிகாரம் ஓட ஆரம்பிப்பதற்கு முன் எவ்வளவு நேரம் செலவாகியிருந்தது? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத ஒப்பீடு, என் பழைய பதிவு உட்பட, குப்பைக்குத்தான்.

முழு ஆட்டமோ பிளிட்ஸோ, இன்றைய எஞ்சினைச் சமமாக நின்று ஜெயிக்க உலக சாம்பியனாலும் முடியாது. அந்தப் போட்டி முடிந்துபோன விஷயம். மகளிடம் அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். பிறகு 24 ஆண்டுக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். பெருக்கலை அவளே ஒரு தடவை சரிபார்த்தாள். லீப் வருடத்தை விட்டுவிட்டேன் என்று திருத்தினாள்.

"அப்போ நான் முக்கால் மணி நேரம் யோசிச்சது?"

"அடுத்த ஆட்டத்துல உனக்கு ஒரு நொடியில தோணப்போறதுக்கு."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பெட்டியைத் திறந்து, தோற்ற ஆட்டத்தைப் பதினேழாவது நகர்த்தல் வரை பலகையில் மறுபடி அடுக்கினாள். லேப்டாப்பை மூடி வைக்கச் சொன்னாள். "இங்கதான்ப்பா எனக்கு டவுட் வந்துச்சு. ஆனா செக் பண்ணாம ஆடிட்டேன்."